சம்பந்திக்கு ஒரு கோப்பை

சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவக்கொழுந்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஓர் ஆசிரியையைத் தேடிப் போனார். அவளுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவாக இருக்கும். பெயர் லெயோனி. புதுச்சேரியில், குருசுக்குப்பம் கடற்கரையை ஒட்டி, மீன் சாப்பாடும் மதுவும் விற்கும் சின்னக் கடை ஒன்றை நடத்திவந்தாள்.

அவர் கற்றுக்கொள்ள நினைத்தது ஒரு பானம். குவாதலூப் என்ற தீவில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது. எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கரும்புச் சாராயம், இந்த மூன்றுதான். அதற்கு அங்கே தி-பொன்ஷ் என்று பெயர். லெயோனி அந்தத் தீவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள்.

சிவக்கொழுந்து குடிப்பவர் இல்லை. அவர் வீட்டுக்குள் மது வந்ததே இல்லை. ஆனாலும் அவர் அந்தக் கடைப் படியேறியதற்குக் காரணம் இருந்தது.

ஆலையில் அரைபடும் கரும்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் சொன்ன கணக்கு தப்பியதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். குழம்பில் உப்பு எவ்வளவு, மகள் பூங்கோதை எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் படிப்பு, எந்தப் பேருந்து, எல்லாம் அவர் சொன்னபடிதான். பூங்கோதையும் மறுபேச்சுப் பேசாத பிள்ளை. மேல்படிப்புக்குப் பிரான்சுக்குப் போன பிறகுதான் முதன்முதலாக ஒன்றை அவளே முடிவு செய்தாள். ஜெரோம் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். குவாதலூப் தீவுக்காரன். அவனுடைய முன்னோர் கரும்பு வெட்டுவதற்காக இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறிப் போனவர்கள்.

சிவக்கொழுந்து அதற்குள் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். தான் சொன்னதில் ஒன்று மாறினாலும் அது தன் வீட்டுக் கல்யாணம் இல்லை என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார்.

கல்யாணம் அங்கேயே நடந்தது. அவருடைய மனைவி அமிர்தவல்லி தனியாக விமானம் ஏறிப் போய்விட்டு வந்தாள். அதன் பிறகு மகளிடமிருந்து போன் வரும்போது அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்ற கேள்வி மட்டும்தான் வரும். அப்பா என்ற வார்த்தை அதில் இருக்காது.

இப்போது மகளும் மருமகனும் வருகிறார்கள். ஜெரோமின் அப்பா ஃபெர்னான், தன் பாட்டனுக்குப் பாட்டன் கப்பல் ஏறிய கரையைச் சாவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாராம். ஒருநாள் மதியம் சாப்பாடு சிவக்கொழுந்து வீட்டில். என்ன சமைப்பது என்று பேசும்போது, அந்த மனிதர் சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கோப்பை குடிப்பார் என்று பூங்கோதை சும்மா சொன்னாள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள் அமிர்தவல்லி.

அதைத் தானே கலந்து தரப்போவதாகச் சிவக்கொழுந்து சொன்னார்.

அமிர்தவல்லி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மொச்சை உரிப்பதைத் தொடர்ந்தாள்.

லெயோனி அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் அவரை அழைத்தாள். ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சம்பந்திக்குன்னு சொல்றீங்க. உங்க மகளுக்கு அது பிடிக்குமா, முசே?"

அவருக்குத் தெரியவில்லை. தன் மகள் அதைக் குடிப்பாளா என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"சரி, நாளைக்கு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க" என்றாள் லெயோனி.

மறுநாள் அவர் நல்ல மஞ்சளாகப் பொறுக்கி எடுத்து வந்தார். அவள் அவற்றை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட்டு, பச்சை மாறாத, தோல் இறுகிய நாட்டுப் பழங்களை எடுத்துவைத்தாள். அவர் பழத்தைப் பாதியாக வெட்டினார். அப்படி இல்லை என்று அவள் கத்தியை வாங்கி, பழத்தின் ஒரு பக்கக் கதுப்பை மட்டும் சீவி எடுத்தாள். அதைக் கோப்பைக்கு மேல் பிடித்து விரலால் மடித்து அழுத்தினாள். சாறு விழுந்தது, அதோடு தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெறித்து மேசையெல்லாம் மணத்தது.

"சாறு நாக்குக்கு. தோலு மூக்குக்கு" என்றாள்.

அன்றைக்கு அது மட்டும்தான். கை எரியும் வரை அவர் கதுப்பு சீவினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது விரல் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. அமிர்தவல்லி ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தாள்.

பாகு காய்ச்சிய அன்று, தன் பழைய கருவியைக் கொண்டுபோயிருந்தார். ஒரு சொட்டுப் பாகை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரை எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். லெயோனி சிரிக்கவில்லை. அவர் அளந்து முடிக்கும் வரை காத்திருந்தாள். அவர் எண்ணைச் சொன்னதும், நல்லது என்று சொல்லிவிட்டு, விரலில் ஒரு சொட்டு தொட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்ததாகச் சாராயம். தீவிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அவளுக்காகக் கொண்டுவரும் பாட்டில் அது. நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்து, குடிக்க வேண்டாம், வாசம் மட்டும் பாருங்கள் என்று நீட்டினாள்.

முகர்ந்தவர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றார்.

இங்கே விற்கும் ரம் அவருக்குத் தெரியும். சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகிலிருந்து வடிப்பது. அந்தப் புளித்த நாற்றம் ஆலைச் சுவரையெல்லாம் பிடித்திருக்கும். இது அப்படி இல்லை. அரவை தொடங்கும் முதல் நாள் காலை. பனியில் நனைந்த கரும்பு வண்டிகள். முதல் சாறு விழும்போது முற்றமெல்லாம் எழும் பச்சை மணம். வேலையில் சேர்ந்த வருடம் அந்த மணத்தில் நின்று, இதை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஒருநாளும் சொன்னதில்லை.

"சாறையே வடிச்சிருக்காங்க" என்றார். "கழிவை இல்லை. சாறையே."

"பாதி வந்துடுச்சு உங்களுக்கு" என்றாள் லெயோனி.

மீதிப் பாதிதான் வரவில்லை. அளவு என்ன என்று கேட்டுப் பார்த்தார். அவள் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களில் அந்தத் தீவையோ பிரான்சையோ பார்த்துவந்த சிலர் உண்டு. அவர்களுக்குக் கலந்து கொடுங்கள் என்றாள். அவர் ஒரே மாதிரிதான் கலந்தார், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், புளிப்பு போதவில்லை என்றார். அவருடைய தங்கை, இவ்வளவு புளித்தால் எப்படி என்றாள். இன்னொருவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிப் போய்விட்டார். அவர் எதை நல்லாயிருக்கு என்றார் என்று சிவக்கொழுந்துக்குப் புரியவில்லை.

அளவை மாற்றிப் பார்த்தார். வாய்களும் மாறின. ஒருநாள் எல்லாருக்கும் பிடித்த கலவை ஒன்று அமைந்துவிட்டதாக மகிழ்ந்தார். மறுநாள் அதே ஆட்கள் அதே கலவையைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்கள். மழைக்காலம் என்றார் பட்டாளக்காரர், அதுதான் காரணம் என்பது போல.

விருந்துக்கு முதல் நாள் மதியம் அவர் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். கடையில் யாரும் இல்லை.

"லெயோனிம்மா, நாளைக்கு அவங்க வராங்க. இனிமேலாவது சொல்லுங்க. சரியான அளவு எது?"

லெயோனி எழுந்தாள். அவர் முன்னால் ஒரு மரப்பலகையை வைத்தாள். அதன் மேல் எலுமிச்சம்பழம். பக்கத்தில் கத்தி, பாகுக் கிண்ணம், சாராயப் பாட்டில், ஒரு ஸ்பூன், ஒரு காலிக் கோப்பை. எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மீன் கழுவ ஆரம்பித்தாள்.

அவர் காத்திருந்தார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. செதில் சுரண்டும் சத்தம் கேட்டது. அவள் வந்து கலந்து காட்டுவாள் என்று பலகையைப் பார்த்தபடியே இருந்தார். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் முசே, குடிக்கலையா?"

"நீங்க இன்னும் கலக்கலையே."

"அந்த ஊர்ல யாரும் யாருக்கும் கலக்க மாட்டாங்க. கொண்டாந்து வைப்பாங்க, அவ்வளவுதான்."

சிவக்கொழுந்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது.

"அப்ப வீட்டுக்காரனுக்கு என்ன வேலை?"

"கத்தி நல்லாத் தீட்டியிருக்கான்னு பாத்துக்கறது."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா உக்கார்றது."

அவர் எழுந்து நின்றார். சும்மா உட்காருவதற்கா தன்னை இத்தனை நாள் கை எரிய எரியப் பழம் சீவ வைத்தாள் என்று கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் உதவியாளர்களிடம் பேசும் குரல் அது. வீட்டிலும் அதே குரல்தான் இருந்தது.

லெயோனி அந்தக் கோபம் ஓயட்டும் என்று நின்றாள்.

"கலக்கத் தெரியாதவன் கலக்காம இருந்தா அதுல என்ன இருக்கு, முசே?"

அவள் ஒரு புதுப் பாட்டிலை எடுத்துத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனார். விடைபெறவும் இல்லை.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பூங்கோதை கொஞ்சம் மெலிந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து, "வணக்கம்" என்றாள், வெளியாளிடம் சொல்வது போல. ஜெரோம் குனிந்து அவர் காலைத் தொட்டான். யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஃபெர்னான் உயரமான, கறுத்த, மெதுவாக நடக்கும் மனிதர். அவர் முகத்தைப் பார்த்த அமிர்தவல்லி, காரைக்காலில் இருக்கும் தன் தாய்மாமாவைப் போலவே இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். பூங்கோதை அதை மொழிபெயர்த்தபோது அவர் கண் கலங்கியது. அன்று காலைதான் கடற்கரையில் நின்றுவிட்டு வந்திருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது, ஆனாலும் வெகுநேரம் நின்றார் என்றான் ஜெரோம்.

சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சு அற்றுப்போன நேரத்தில் சிவக்கொழுந்து உள்ளே போனார். பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழம், கத்தி, பாகு, பாட்டில், ஸ்பூன், கோப்பைகள். வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

ஃபெர்னான் பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பூங்கோதையும் சிரித்துவிட்டாள். "இந்தக் கோப்பையைப் பத்தி அவங்க ஊர்ல ஒரு சொலவடை இருக்கு. அவனவன் சாவை அவனவனே கலந்துக்கணும்னு. வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு சொல்றாரு."

ஃபெர்னான் கத்தியை எடுத்தார். கதுப்பைச் சீவிய விதத்தில் குறை இல்லை. ஆனால் ஒன்றோடு நிறுத்தவில்லை; இரண்டாவது கதுப்பையும் பிழிந்தார். பாகு துளிதான் விட்டார். இவ்வளவு புளிப்பு தாங்காதே என்று சிவக்கொழுந்தின் நாக்கு வரை வந்துவிட்டது. பாகுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தக் கை துடித்தது. விரல்களை இறுக்கிக்கொண்டார். ஃபெர்னான் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு ஏதோ கேட்டார்.

கரும்புத் தோகையின் சுணை சிவக்கொழுந்தின் கையிலும் ஏறியிருக்கிறதா என்று கேட்கிறார் என்றாள் பூங்கோதை. ஃபெர்னானின் அப்பா வரைக்கும் கரும்பு வெட்டியவர்கள்தானாம்.

"இல்லை" என்றார் சிவக்கொழுந்து. "எங்கப்பா வெட்டினாரு. நான் அளந்தேன். அவ்வளவுதான்."

இதை அவர் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பூங்கோதை உடனே மொழிபெயர்க்கவில்லை. தன் தாத்தா கரும்பு வெட்டியவர் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, பிரெஞ்சில் சொன்னாள். ஃபெர்னான் கோப்பையை லேசாக உயர்த்திக் காட்டினார்.

அப்புறம் யாரும் எதிர்பாராதது நடந்தது. பூங்கோதை கையை நீட்டிப் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

சமையலறை வாசலில் அமிர்தவல்லி அப்படியே நின்றாள். ஜெரோம் தன் மனைவியையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த வீட்டில், அப்பாவின் முன்னால், அந்தப் பெண் கத்தியை எடுத்துக் கதுப்பு சீவினாள். பிழிந்தாள். பாகு விட்டாள். பாட்டிலைச் சாய்த்தாள். செய்துகொண்டிருந்த நேரம் முழுதும், வரப்போகும் வார்த்தைக்காகத் தோளை இறுக்கி வைத்திருந்தாள்.

வார்த்தை எதுவும் வரவில்லை. ஸ்பூன் மேசையின் மறுகோடியில் ஃபெர்னான் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தேடினாள். சிவக்கொழுந்து எழுந்து, எடுத்து, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அவள் கலக்கினாள். குடித்தாள். தோள் இறங்கியது. காலியாக இருந்த கோப்பை ஒன்றை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அப்பா, உங்களுக்கு?"

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானே கலந்துக்கறேன்மா."

அன்று சாப்பாடு வெகுநேரம் நடந்தது. அரவை முதல் நாள் காலையில் ஆலை முற்றம் எப்படி மணக்கும் என்று அவர் சொன்னார். பூங்கோதை அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல ஃபெர்னான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது, அடுத்த அரவைக்கு நீங்கள் எங்கள் தீவுக்கு வர வேண்டும் என்றார் ஃபெர்னான். அமிர்தவல்லி வருவோம் என்றாள். எல்லாரும் சிவக்கொழுந்தைப் பார்த்தார்கள். அவர் அமிர்தவல்லியைக் காட்டி, அதான் சொல்லிட்டாளே என்றார்.

அவர்களை அனுப்பிவிட்டு, ஒரு மதியம் அவர் குருசுக்குப்பத்துக்குப் போனார். லெயோனி வாசலில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்று சொல்லாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். அவள் கையால் நாற்காலியைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். ஃபெர்னான் இரண்டு கதுப்பு பிழிந்ததை இன்னும் ஆறாமல் சொன்னார். அவ்வளவு புளிப்பு போட்டும் அந்த மனிதர் கண்ணை மூடி ரசித்தாரே, அப்படியானால் சரியான அளவுதான் எது என்று மறுபடியும் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

லெயோனி இலை உருவுவதை நிறுத்தவில்லை.

"உங்க மக பாகு எவ்வளவு விட்டாங்க, முசே?"

சிவக்கொழுந்து சொல்ல வாயெடுத்தார். நின்றார். யோசித்துப் பார்த்தார். கிண்ணத்தை அவள் எடுத்தது ஞாபகம் இருந்தது. சாய்த்தது ஞாபகம் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்த மனிதர், அது எவ்வளவு என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"தெரியலையே, லெயோனிம்மா" என்றார் கடைசியில். "நான் அவ முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

லெயோனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப இனிமே நீங்க கத்துக்க வர வேண்டியதில்லை, முசே."